நடுத்தரக் கட்-ஆஃப்: கவுன்சலிங்கா, டீம்டா, கலைக் கல்லூரியா?

பொறியியல் சேர்க்கைக்காகப் பிளஸ் டூ மார்க்கிலிருந்து 200க்குக் கணக்கிடும் கட்-ஆஃப் 195க்கு மேல் வைத்திருக்கும் பிள்ளைக்கு யாரும் யோசனை சொல்ல வேண்டியதில்லை. கிண்டியா, குரோம்பேட்டையா, கோவையா என்பதுதான் அந்த வீட்டில் பேச்சு. திண்டாட்டமெல்லாம் 150க்கும் 180க்கும் நடுவில் நிற்பவர்களுக்குத்தான். கணிதத்தில் 88, இயற்பியலில் 84, வேதியியலில் 86 என்று வைத்துக்கொள்வோம். கணிதம் அப்படியே 88, மற்ற இரண்டும் பாதியாகி 42, 43. கூட்டினால் 200க்கு 173. தமிழ்நாட்டில் நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் இடங்கள் காலியாகவும் கிடக்கின்றன. ஆகவே இந்தப் பிள்ளைக்கு ஏதோ ஓர் இன்ஜினியரிங் சீட் நிச்சயம் உண்டு. எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்பது மட்டும் ஜூலை, ஆகஸ்டு வரை தெரியாது. ஆனால் மே மாதமே முடிவெடுக்கச் சொல்லி நாலு பக்கமிருந்தும் போன் வரும்.

அந்த வீட்டின் முன்னால் இருப்பவை பெரும்பாலும் மூன்று வழிகள். ஒன்று, அரசு நடத்தும் பொறியியல் கவுன்சலிங். இரண்டு, நிகர்நிலைப் பல்கலைக்கழகம், அதாவது எல்லோரும் சொல்லும் டீம்டு, அல்லது தனியார் கல்லூரி நிர்வாகமே நிரப்பும் மேனேஜ்மென்ட் கோட்டா. மூன்று, கலை அறிவியல் கல்லூரி. இவற்றைப் படிப்பின் மதிப்பு என்ற ஒன்றை மட்டும் வைத்து ஒப்பிடுகிறோம். நான் முதலில் பார்ப்பது வேறு: எது எப்போது பணம் கேட்கிறது? எது எவ்வளவு நாள் காத்திருக்கும்?

டீம்டுகள்தான் முதலில் கேட்கின்றன. வி.ஐ.டி., எஸ்.ஆர்.எம்., அமிர்தா போன்றவை தனித்தனி நுழைவுத் தேர்வு வைக்கின்றன. தஞ்சாவூர் சாஸ்திரா பிளஸ் டூ மதிப்பெண்ணையும் ஜே.இ.இ. மெயின் மதிப்பெண்ணையும் பார்க்கிறது. இவற்றில் பலவற்றின் சேர்க்கை, கவுன்சலிங் தரவரிசைப் பட்டியல் வருவதற்குள் பெரும்பகுதி முடிந்துவிடும். அரசு, உதவிபெறும் கலைக் கல்லூரிகள் மே மாதம் விண்ணப்பம் வாங்கி, ஜூன் முழுக்கச் சேர்க்கை நடத்தி, ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ வகுப்பைத் தொடங்கிவிடும். பொறியியல் கவுன்சலிங் அதற்குப் பிறகுதான் சூடு பிடிக்கும். ஆக, மிகக் குறைந்த செலவில் படிக்கக்கூடிய பொறியியல் சீட் கடைசியில் வருகிறது, மிக அதிகம் செலவாகும் சீட் முதலில் வந்து கதவைத் தட்டுகிறது. பெற்றோரின் பதற்றம் பெரும்பாலும் இந்த வரிசையால் வருவதுதான். பிள்ளையின் மார்க்குக்கு அதில் பங்கு குறைவு.

கட்டணத்தைப் பார்க்கலாம். தனியார் பொறியியல் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், தேசிய அங்கீகார வாரியமான என்.பி.ஏ.வின் அங்கீகாரம் பெற்ற பிரிவென்றால் 55,000 ரூபாய் என்று கட்டண நிர்ணயக் குழு 2017இல் வரையறுத்தது. மேனேஜ்மென்ட் இடத்துக்கு அதே குழு வைத்த வரம்பு 85,000, என்.பி.ஏ. பிரிவுக்கு 87,000. இது ஏட்டில் இருப்பது. தனியார் கல்லூரிகள் பஸ், விடுதி, புத்தகம், பயிற்சி என்று மேலே சேர்க்கும் தொகையைக் கல்லூரிக்கே போய், அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளையிடம் கேட்டால்தான் சரியாகத் தெரியும். அலுவலகத்தில் கேட்டால் முதலாண்டுக் கணக்கை மட்டும் சொல்வார்கள். நன்கொடை என்று தனியாகக் கேட்டால் அது சட்டப்படி குற்றம். 1992இலேயே தமிழ்நாட்டில் அதற்குத் தடைச் சட்டம் வந்துவிட்டது. ரசீது இல்லாத பணத்தைத் திரும்பக் கேட்கவும் முடியாது.

டீம்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் ஆண்டுக்கு இரண்டு லட்சத்தை ஒட்டியோ அதற்கு மேலோ கேட்பது வழக்கம். வி.ஐ.டி.யில் ஒரே பிரிவுக்கு ஐந்து கட்டணப் படிகள் உண்டு. நுழைவுத் தேர்வு ரேங்க் பின்னால் போகப் போகக் கட்டணம் ஏறும். ஆகவே "வி.ஐ.டி.யில் கிடைத்துவிட்டது" என்று ஒருவர் சொன்னால், எந்தப் படியில் என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்க வேண்டும். ஆண்டுக்கு 55,000 என்ற கணக்கில் அரசு ஒதுக்கீட்டில் நாலு வருட கல்விக் கட்டணம் 2.2 லட்சம். ஆண்டுக்கு இரண்டு லட்சம் என்று வைத்தாலே டீம்டில் அது 8 லட்சம். கல்விக் கடனில் 7.5 லட்சம் வரைதான் பொதுவாகச் சொத்து ஈடு கேட்பதில்லை. அதற்கு மேல் போனால் வங்கி வீட்டுப் பத்திரத்தைக் கேட்கலாம். விடுதியையும் சேர்த்தால் இந்தக் கோட்டைத் தாண்டாமல் டீம்டில் படிப்பது கடினம்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்குக் கவுன்சலிங்கில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரிச் சலுகையும் கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தவருக்குத்தான். தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீடும் டீம்டில் நடைமுறையில் இல்லை. அரசுப் பள்ளிப் பிள்ளை ஒருவர் ஏப்ரலில் டீம்டில் பணம் கட்டிச் சேர்கிறார் என்றால், தனக்கு வரவிருந்த இலவசப் படிப்பை அவரே தள்ளிவிட்டு வேறொன்றை விலைக்கு வாங்குகிறார். ஊரில் பெரிய ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள் என்பதற்காகச் செய்யும் காரியம் இல்லை இது.

டீம்டையே ஒதுக்கச் சொல்லவில்லை. முதல், இரண்டாவது கட்டணப் படியில் இடம் கிடைத்து, குடும்பத்தால் கடனில்லாமல் கட்ட முடியும், வீட்டில் சலுகை எதற்கும் தகுதியில்லை என்றால் அது நியாயமான தேர்வுதான். வளாகம், ஆய்வகம், வெளிமாநிலப் பிள்ளைகளோடு பழகும் வாய்ப்பு எல்லாம் உண்மையாகவே அங்கே கூடுதல். வேலைக்கு ஆள் எடுக்கும் பெரிய நிறுவனங்களும் கூட்டமாக வருகின்றன. ஆனால் பிள்ளைகளும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். "இத்தனை கம்பெனி வந்தது" என்ற எண்ணை விட, இந்தப் பிரிவில் எத்தனை பேர் படித்தார்கள், அதில் எத்தனை பேருக்கு, நடு மட்டத்தில் என்ன சம்பளத்தில் வேலை கிடைத்தது என்று கேளுங்கள். ஒரே ஒருவர் வாங்கிய 40 லட்சத்தைப் போஸ்டரில் போடுவது எல்லா இடத்திலும் நடக்கிறது.

இனி கவுன்சலிங். 2018 முதல் இது முழுக்க இணையத்தில் நடக்கிறது, 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. நுழைவுத் தேர்வு 2007லேயே ஒழிந்துவிட்டதால் பிளஸ் டூ மார்க்தான் எல்லாம். இந்த ஏற்பாட்டில் பெரும்பாலான வீடுகள் கோட்டைவிடும் இடம் சாய்ஸ் ஃபில்லிங், அதாவது வேண்டிய கல்லூரி, பிரிவுகளை விருப்ப வரிசையில் பதிவது.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. கவுன்சலிங் ரேங்க் வாரியாகச் சில சுற்றுகளாக நடக்கும்; உங்கள் சுற்றில் இருப்பவர்களை ரேங்க் வரிசைப்படி கணினி ஒவ்வொருவராக எடுக்கும். உங்கள் முறை வரும்போது உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே படிக்கும். பொதுப் பிரிவிலோ உங்கள் இனப் பிரிவிலோ காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுக்கும். அவ்வளவுதான். மேலே கிடைக்காத கல்லூரிகளைப் போட்டதற்காகக் கீழே உள்ளது கைவிட்டுப் போகாது. பிடித்ததை முதலிலும், அடுத்துப் பிடித்ததை அடுத்தும் போடுவதுதான் சரி. "நமக்கு இதுதான் கிடைக்கும், இதையே முதலில் போடு" என்று ப்ரவுசிங் சென்டரில் ஒருவர் சொன்னால் கேட்காதீர்கள். முதலில் போட்டது காலியாக இருந்தால் கணினி அதைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். அதைவிட நல்லது ஒன்று இரண்டாவது வரியில் காலியாகவே இருந்திருந்தாலும் உங்களுக்கு வராது. சாய்ஸ் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. பத்து, பதினைந்தோடு நிறுத்துவது சோம்பல். 173 வைத்திருப்பவர் நூறுக்கு மேல் போட்டாலும் தப்பில்லை.

போன வருடப் புள்ளிவிவரத்தைப் பார்க்கும்போது கட்-ஆஃபை விட ரேங்க்கைப் பாருங்கள். வினாத்தாள் சுலபமாக இருந்த வருடத்தில் 173க்கு ரேங்க் வெகுவாகப் பின்னால் போய்விடும், கடினமான வருடத்தில் முன்னால் வரும். இனவாரி ரேங்க்கும் உங்களிடம் இருக்கும். கல்லூரி, பிரிவு, இனம் வாரியாக முந்தைய ஆண்டுகளில் எந்த இடத்தில் நின்றது என்பது கவுன்சலிங் இணையதளத்திலேயே கிடைக்கிறது. அதற்காகக் காசு வாங்கும் செயலிகள் தேவையில்லை. பெயரை மட்டும் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டாம், ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள் உண்டு. எண்ணைப் பாருங்கள். கிண்டி 1, குரோம்பேட்டை எம்.ஐ.டி. 4, கோவை அரசு பொறியியல் கல்லூரியான ஜி.சி.டி. 2005, பி.எஸ்.ஜி. டெக் 2006 என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இருக்கிறது.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் என்ன செய்வது என்று அடுத்த குழப்பம். கிடைத்தது போதும் என்றால் ஏற்றுக்கொண்டு, குறித்த நாளுக்குள் கல்லூரியில் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். இதை வைத்துக்கொண்டே மேலே உள்ளது காலியானால் வேண்டும் என்றால் 'அப்வர்டு' என்று கொடுத்துவிட்டு, கவுன்சலிங் உதவி மையத்தில் பணம் கட்ட வேண்டும். முன்னால் இருப்பவர்களில் பலர் மருத்துவத்துக்கோ என்.ஐ.டி.க்கோ போய்விடுவதால் இப்படி மேலே நகர்பவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. அப்வர்டு கொடுப்பதற்குப் பயப்பட ஒன்றும் இல்லை. கையில் இருப்பதை விடப் பட்டியலில் மேலே நீங்களே போட்ட இடம்தான் கிடைக்கும், கீழே இறக்கமாட்டார்கள். பயப்பட வேண்டியது கெடு தேதிக்குத்தான். உறுதிப்படுத்தாமலோ பணம் கட்டாமலோ விட்டால் சீட் அடுத்தவருக்குப் போய்விடும்.

சரி, பிரிவா கல்லூரியா? 173இல் நிற்பவருக்கு இந்தக் கேள்வி தப்பாமல் வரும். பெயர் தெரியாத கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் அல்லது ஏ.ஐ., டேட்டா சயின்ஸ் ஒரு பக்கம். சேலம், திருநெல்வேலி, பர்கூர், காரைக்குடி போன்ற ஊர்களின் அரசுப் பொறியியல் கல்லூரியில், அல்லது பழைய நல்ல தனியார் கல்லூரியில் சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் இன்னொரு பக்கம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். அரசுக் கல்லூரிக் கட்டணம் தனியாரை விடக் குறைவு, ஆசிரியர்கள் நிலையானவர்கள், கூடப் படிப்பவர்கள் உங்களைப் போலவோ உங்களை விடவோ மார்க் எடுத்தவர்கள். சாஃப்ட்வேர் கம்பெனிகளும் பெரும்பாலும் எல்லாப் பிரிவினரையும் தேர்வுக்கு உட்கார விடுகின்றன. சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் படித்தவருக்கு டி.என்.பி.எஸ்.சி.யின் உதவிப் பொறியாளர் தேர்வு, கேட் (GATE) தேர்வு வழியாகப் பொதுத்துறை நிறுவனங்கள் என்று கூடுதல் கதவுகளும் உண்டு. கம்ப்யூட்டர் மேல் உண்மையான பித்து, பள்ளியிலேயே நிரல் எழுதிப் பார்த்த பிள்ளை என்றால் மட்டும் என் பதில் மாறும். அப்படிப்பட்ட பிள்ளை எந்தக் கல்லூரியில் விட்டாலும் தானே கற்றுக்கொள்ளும்.

கல்லூரியின் தரத்தை அளக்க ஒரு வழி, அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர்தோறும் வெளியிடும் தேர்ச்சி விகிதம். பாதிப் பேருக்கு மேல் அரியர் வைக்கும் கல்லூரியைப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம். ஆனால் ஆட்டானமஸ் கல்லூரிகள் வினாத்தாளைத் தாங்களே எடுத்துத் தாங்களே திருத்துவதால், அவற்றின் 90 சதவீதத்தை மற்றதன் 60 சதவீதத்தோடு ஒப்பிட முடியாது. இதைப் பல யூடியூப் காணொளிகள் கலந்து கட்டிச் சொல்கின்றன.

மூன்றாவது வழியை நம் வீடுகள் தோல்வியாகப் பார்க்கின்றன. "என்ஜினியரிங் கிடைக்கலையா?" என்று கேட்பார்களே என்ற பயம். பட்டியலின் அடியில் இருக்கும் பொறியியல் கல்லூரியை விட, நல்ல உதவிபெறும் கல்லூரியின் பி.எஸ்சி. கணிதமோ பி.காம்.மோ எவ்வளவோ மேல் என்பதே என் கருத்து. சென்னைக் கிறித்துவக் கல்லூரி, லயோலா, திருச்சி புனித வளனார், மதுரை அமெரிக்கன் கல்லூரி போன்றவை நூறாண்டைக் கடந்தவை. அவற்றின் பி.காம்.முக்கு இருக்கும் போட்டியைப் பார்த்தால், அதை இரண்டாந்தரம் என்று சொல்லும் வாய் தானே மூடிக்கொள்ளும். 173 கட்-ஆஃப் எடுத்த பிள்ளை பொறியியல் வரிசையில் நடுவில் நிற்கும். பி.எஸ்சி. இயற்பியல், கணித வரிசையில் அதுவே முன்வரிசை.

இங்கே விண்ணப்பிக்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒரே கல்லூரி, ஒரே பட்டம், ஆனால் அரசு உதவிபெறும் 'எய்டடு' என்றும் சுயநிதியான 'செல்ப் பைனான்ஸ்' என்றும் இரண்டு வகுப்பு இருக்கும். எய்டடில் கட்டணம் சில ஆயிரங்களில் முடியும், செல்ப் பைனான்ஸில் அதுபோலப் பல மடங்கு. விண்ணப்பத்தில் இரண்டுக்கும் தனித்தனியாகப் பதிய வேண்டியிருக்கலாம். அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே இணையதளம், பொதுப் பிரிவினருக்கு விண்ணப்பம், பதிவு இரண்டும் சேர்த்து 50 ரூபாய்தான் வாங்கி வந்தார்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 2 ரூபாய். உதவிபெறும் கல்லூரிகளுக்கு அந்தந்தக் கல்லூரியில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

மூன்று வருடம் முடித்தபின் எங்கே போவது என்பதற்கும் பாதை இருக்கிறது. நிம்செட் எழுதி என்.ஐ.டி.யில் எம்.சி.ஏ., ஜாம் எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி., டான்செட் எழுதி அண்ணா பல்கலையில் எம்.சி.ஏ. பி.சி.ஏ., பி.எஸ்சி. முடித்தவர்களை எடுத்து வேலையோடு எம்.டெக். படிக்கவைக்கும் திட்டத்தை விப்ரோ நடத்துகிறது. இதோடு சென்னை ஐ.ஐ.டி. இணையவழியில் நடத்தும் பி.எஸ். டேட்டா சயின்ஸையும் சேர்த்துப் படிக்கலாம். ஜே.இ.இ. தேவையில்லை. நாலு வாரப் பாடம் படித்து ஒரு தகுதித் தேர்வில் தேறினால் போதும், குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2022இல் அனுமதித்துவிட்டது. ஆனால் இது லேசான படிப்பு இல்லை. கல்லூரி, பஸ், வாராவாரம் அசைன்மென்ட் என்று ஓட முடிகிற பிள்ளைக்கு மட்டும்தான் சொல்வேன்.

கணிதம், இயற்பியல் எடுத்தவர்கள் மறந்துவிடுகிற வேறு கவுன்சலிங்குகளும் உண்டு. வேளாண்மைப் பல்கலைக்கழகம், சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்பு இரண்டும் பிளஸ் டூ மார்க்கை வைத்தே சேர்க்கின்றன. உயிரியல் எடுத்திருந்தால் கால்நடை மருத்துவத்தின் மாநில ஒதுக்கீட்டுக்கும் நீட் வேண்டாம். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்குக் கியூட் என்னும் பொது நுழைவுத் தேர்வு எழுதியிருக்க வேண்டும், தமிழிலும் எழுதலாம். அதற்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வருவதற்கு வெகு முன்பே விண்ணப்பித்தாக வேண்டும் என்பதால் பலருக்கு மே மாதம்தான் இப்படி ஒன்று இருப்பதே தெரிகிறது. அப்புறம் தெரிந்து பயனில்லை.

இப்போது என் முடிவைச் சொல்கிறேன். கவுன்சலிங் வரை காத்திருக்கப் பயமாக இருக்கிறது, கையில் ஒரு சீட் வேண்டும் என்பது நியாயமான ஆசை. அந்தக் கைச்சீட்டை டீம்டில் வாங்காதீர்கள், கலைக் கல்லூரியில் வாங்குங்கள். டீம்டில் கைச்சீட்டுக்கு முன்பணமே பெரிய தொகை. அதைக் கட்டியபின் கவுன்சலிங்கில் நல்லது வந்தாலும், "கட்டிய பணம் போகுமே" என்ற நினைப்பிலேயே பலர் அங்கேயே சேர்ந்துவிடுகிறார்கள். எய்டடு பி.எஸ்சி. சீட்டுக்குச் செலவு சில ஆயிரம்தான். ஜூலையில் வகுப்புக்குப் போய்க்கொண்டே ஒதுக்கீட்டுக்காகக் காத்திருக்கலாம். பட்டியலின் மேல்பாதியில் ஏதாவது வந்தால் மாறலாம். வரவில்லை என்றால் அங்கேயே தொடரலாம், அதில் இழந்தது ஒன்றுமில்லை. இதனால்தான் சாய்ஸ் பட்டியலின் கீழே ஒரு கோடு போட்டுக்கொள்ளச் சொல்கிறேன். "இதற்குக் கீழே கிடைத்தால் பொறியியல் வேண்டாம், பி.எஸ்சி.யே போதும்" என்கிற கோடு. அதற்குக் கீழே எந்தக் கல்லூரியையும் போடாதீர்கள். நூறு சாய்ஸ் போடலாம் என்றேன். அந்த நூறும் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். இந்தக் கோட்டை ஒதுக்கீடு வருவதற்கு முன்பே, பிள்ளையோடு உட்கார்ந்து போட வேண்டும்.

பெண்பிள்ளை ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், எந்த வழியில் போனாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன். கல்லூரியில் சேர்ந்த உடனே அதற்குப் பதிந்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல், இடையில் மாறும்போது வருவது. சேர்ந்த கல்லூரி டி.சி.யையும் மதிப்பெண் பட்டியலையும் கையில் வைத்துக்கொண்டு தர மறுக்கலாம். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்பதுதான் யு.ஜி.சி. விதி. கட்டணத்துக்கும் விதி உண்டு. 2024–25 கல்வியாண்டுக்கு யு.ஜி.சி. அறிவித்தபடி செப்டம்பர் 30க்குள் விலகினால் முழுப் பணத்தையும், அக்டோபர் 31க்குள் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியையும் தர வேண்டும். தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், பொறியியல் கல்லூரிகளுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. தனியாக அறிவிக்கும். அந்தந்த ஆண்டின் அறிவிப்பை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விலகல் கடிதத்தை நேரில் கொடுப்பதோடு நிற்காமல் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், தேதி அதில்தான் பதிவாகும்.